கயிறு தாங்கும் மரம்

தெருவில் மின்கம்பம் இருக்கிறது. சில கம்பங்களுக்கு ஒரு பக்கமாகச் சாய்வாக ஒரு கம்பி கட்டியிருக்கும். அதை ஸ்டே கம்பி என்பார்கள். அது அறுந்தால் கம்பம் மெல்ல மெல்லச் சாய்ந்துவிடும்.

பாய்மரக் கப்பலின் மரமும் அப்படித்தான். மரத்தின் அடி கப்பலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். ஆனால் அது மட்டும் போதாது. பெரிய பாயில் காற்று மோதும்போது மரம் முறியாமல் காப்பது கயிறுதான். பாய்மரம் பாயைத் தாங்குகிறது. கயிறு பாய்மரத்தைத் தாங்குகிறது.

போர்க்கப்பலில் மரம் போனால் கப்பலே போன மாதிரி. அப்படி ஒரு கப்பல் போனது. அதனால் நம் நாட்டில் கட்ட வேண்டிய ஒரு கப்பலின் வேலையே தள்ளிப்போனது.

1812ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கப்பல் கட்டும் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. இந்தியாவில் நல்ல தேக்கு இருந்தது. பம்பாயில் வாடியா என்ற பார்சி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டி வந்தார்கள். அவர்களிடம் ஒரு போர்க்கப்பல் கட்டித் தரும்படி பிரிட்டிஷ் கடற்படை கேட்டது. அதற்கான வரைபடங்கள் 'ஜாவா' என்ற கப்பலில் புறப்பட்டன.

டிசம்பர் 29 அன்று பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பல் ஜாவாவோடு மோதியது. ஜாவாவின் முன்னால் மூக்குப்போல நீண்ட மரத்தின் முனை முதலில் உடைந்தது. பிறகு முன்மரம் விழுந்தது. மற்ற மரங்களும் விழுந்தன. பாய் இல்லாத கப்பலை எப்படித் திருப்புவது? ஜாவா சரணடைந்தது. அமெரிக்கர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள். வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவில்லை.

1816இல்தான் பம்பாயில் வேலை தொடங்கியது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தலைமைக் கட்டுநர். 1817 அக்டோபர் 12 அன்று தேக்குக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. இலங்கையின் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர்கள் அப்படிச் சொன்னார்கள். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது.

இதுபோன்ற கப்பல்களின் மாதிரியை மரத்தில் செய்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தச்சு வேலை பழகியவருக்குக் கப்பலின் உடல் கைவந்துவிடும். மரமும் கயிறும்தான் பொறுமையைச் சோதிக்கும்.

முதலில் அளவு. டிரிங்கோமலியின் நீளம் சுமார் 150 அடி. உண்மைக் கப்பலின் 8 அடியை மாதிரியில் 1 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 150ஐ 8ஆல் வகுத்தால் பத்தொன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கப்பல் கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. ஆனால் கயிறு? ஒரு அங்குலப் பருமனுள்ள வடம் மாதிரியில் கால் மில்லிமீட்டர்தான். தையல் நூல்தான் இங்கே வடம்!

கப்பலில் முன்மரம், நடுமரம், பின்மரம் என்று மூன்று. ஒவ்வொன்றும் ஒரே மரமல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று துண்டுகள். அவ்வளவு உயரமான ஒற்றை மரம் கிடைப்பது அரிது. மேல்துண்டு உடைந்தால் அதை மட்டும் இறக்கி வேறு மாற்றலாம் என்ற வசதியும் உண்டு. மாதிரியிலும் மூன்று துண்டாகவே செய்வது நல்லது.

நேரான ரேகை உள்ள குச்சியாக எடுக்க வேண்டும். முடிச்சு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். எடுத்த உடனே உருட்டக் கூடாது. முதலில் சதுரமாக இழைக்க வேண்டும். மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை கிடைக்கும். அதையும் சீவினால் பதினாறு. கடைசியில்தான் உப்புத்தாள். கப்பல் தச்சர்களும் பெரிய மரத்தை இப்படித்தான் உருட்டினார்கள்.

இனி கயிறு. அதில் இரண்டு வகை. மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறு ஒன்று. அது அசையாது. மழையில் கெடாமல் இருக்கத் தார் பூசுவார்கள். அதனால் மாதிரியில் கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் கயிறு இன்னொன்று. அது கப்பி வழியாக ஓடும். அதற்குப் பழுப்பு நூல். நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டால் பிசிறு அடங்கும்.

மூக்குமரத்தை முதலில் உறுதியாகக் கட்ட வேண்டும். முன்மரத்தை முன்னால் இழுக்கும் கயிறு அதில்தான் வந்து சேர்கிறது. ஜாவாவுக்கு நேர்ந்தது நினைவிருக்கிறதா?

அடுத்தது பக்கக் கயிறுகள். ஒரு நூலை நடுவில் மடித்து மரத்தின் தலையில் மாட்டி, இரண்டு முனைகளையும் ஒரே பக்கம் இறக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி. மறுபடி வலம், மறுபடி இடம். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் அந்தப் பக்கமே வளைந்துவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. இந்தத் தவற்றைச் செய்யாத புதியவர் குறைவு. முன்னால் இழுக்கும் கயிறு இவற்றுக்குப் பிறகுதான்.

பக்கக் கயிறுகளில் மாலுமி ஏற ஏணிப்படிபோலக் குறுக்குக் கயிறுகள் உண்டு. உண்மைக் கப்பலில் ஏறத்தாழ ஒன்றேகால் அடிக்கு ஒரு படி. நம் அளவில் 4 மில்லிமீட்டர். ஒரு அட்டையில் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டால் படிகள் சரியாக வரும். நூறு நூறாக முடிச்சுகள் போட வேண்டும். முடிச்சை இறுக்கினால் பக்கக் கயிறுகள் உள்ளே வளைந்து, இடுப்புச் சிறுத்த உடுக்கைபோல ஆகிவிடும். இறுக்காமல் போட்டு, ஒரு துளி பசை தொட்டால் போதும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கண்ணும் போகும், வேலையும் கெடும்.

பாய் தொங்கும் குறுக்கு மரத்தைப் பருமல் என்பார்கள். அதன் நடுப்பகுதி பருத்து, இரு முனையும் சிறுத்திருக்கும். பருமலை ஏற்றியபின் பழுப்புக் கயிறுகளைக் கட்டலாம். கப்பலின் நடுவில் உள்ள கயிற்றை முதலில் கட்டி, வெளிப்பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய கயிற்றிலேயே கை தட்டும்.

முடிந்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நூலில் தூசி படிந்தால் துணியால் துடைக்க முடியாது. மெல்லிய தூரிகையால்தான் தட்ட வேண்டும். தட்டும்போது உள்ளே ஒரு கயிறு அறுந்தால், அதற்கு வெளியே கட்டிய அத்தனை கயிறுகளுக்கும் இடையில் இடுக்கியை நுழைத்துத்தான் அதைத் தொட வேண்டியிருக்கும்.