தோற்கும் அணிக்கு ஒரு மூத்தவர்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஓர் அணி தன் நட்சத்திரங்களை அனுப்பிவிட்டு, பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை வைத்து முதலிலிருந்து தொடங்கும்போது கூடவே ஒரு சின்னச் செய்தி வரும். முப்பத்தைந்தைத் தொட்ட ஒருவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு அவர் வழிகாட்டியாக இருப்பார். ரசிகர்களில் பாதிப் பேர் இதைச் சம்பிரதாயம் என்று ஒதுக்குவார்கள். மீதிப் பேர், தோல்வியால் துவண்ட பையன்களிடம் அவர் உருக்கமாகப் பேசி எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்று நம்புவார்கள். இத்தகைய அணிகளைப் பல சீசன்களாகக் கவனித்ததில் எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. மூத்தவரால் பயன் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பயனில் பெரும்பகுதி, அவர் களத்தில் ஐந்தில் ஒருவராக நின்று தன் வேலையைப் பிசகாமல் செய்வதிலிருந்து வருகிறது. அவர் அப்படிச் செய்தால்தான் நடந்த பிழை மற்ற நால்வரில் யாருடையது என்று தெரியும்.

பிக் அண்ட் ரோல் என்ற அடிப்படை ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவரின் தடுப்பாளரை, கூடையருகே ஆடும் உயரமானவரான சென்டர் வந்து மறித்து நிற்க வேண்டும்; அதுதான் ஸ்கிரீன். பிறகு கூடையை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். பந்து வைத்திருப்பவர் ஒரு கணம் பொறுத்து, எதிரணியின் இருவரும் யார் பக்கம் சாய்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். மூலையில் நிற்பவர் மூலையிலேயே நிற்க வேண்டும். ஆர்வக்கோளாறில் உள்ளே வந்தால் தன் தடுப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இவர்கள் எல்லோருமே புதியவர்கள் என்றால் என்ன ஆகும்? ஸ்கிரீன் கோணலாக விழும், பாஸ் தாமதமாகும், மூலைக்காரர் இடம் மாறியிருப்பார், பந்து பறிபோகும். கணக்கில் அந்த டர்ன்ஓவர் பாஸ் கொடுத்தவர் பெயரில் ஏறும். மறுநாள் வீடியோவைப் போட்டுப் பார்க்கும் பயிற்சியாளர் யாரைத் திருத்துவார்? மூன்று தவறும் உண்மைதான். ஆகவே மூவருமே அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம். சுருதிப்பெட்டி இல்லாமல் பாடப் பழகுகிறவருக்குத் தான் விலகிப்போனதே தெரியாது. ஸ்கிரீன் சரியாக விழும் என்றும், பாஸ் நேரத்துக்கு வரும் என்றும் உறுதி சொல்லக்கூடிய ஒருவர் களத்தில் இருந்தால், மிச்சமிருக்கும் தவறு தன்னுடையதுதான் என்று பையனுக்கே புரிந்துவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒருவரை வேண்டுமென்றே தவிர்த்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் அணியே சாட்சி. 2013இல் பொது மேலாளராக வந்த சாம் ஹிங்கி, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் வருங்காலத் தேர்வுகளைச் சேர்ப்பதற்காக அணியை அடிமட்டம்வரை காலி செய்தார். மூன்று சீசன்களில் 246 ஆட்டங்கள், 47 வெற்றிகள். முதல் சீசனில் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். மறு சீசனின் நடுவிலேயே அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் அவர் அந்த உயரத்துக்குத் திரும்பவேயில்லை. தோற்கும் அணியில் பந்து எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் புள்ளிகளும் பாஸ்களும் குவியத்தான் செய்யும். ஆட்டம் வளர்ந்ததா என்று அந்த எண்கள் சொல்லாது. மூன்றாவது சீசனான 2015-16இல் அணி 1-30, அதாவது ஒரு வெற்றி, முப்பது தோல்வி என்ற நிலைக்குப் போனது. அந்தச் சரிவின் நடுவிலேயே நிர்வாகத்துக்கு மேலே ஜெர்ரி கொலாஞ்சலோ நியமிக்கப்பட்டார். டிசம்பர் கடைசியில் இஷ் ஸ்மித் என்ற பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவரை, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் கொடுத்து வாங்கினார்கள். வயது இருபத்தேழுதான், நட்சத்திரம் இல்லை, அணி அணியாக மாறி வந்தவர். அதற்குப்பின் கணக்கு 9-42. இதுவும் வெட்கக்கேடான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் பந்தை நேரத்துக்குச் சென்டர்களிடம் கொண்டுசேர்க்கும் ஒருவர் வந்ததும், அதே பையன்கள் ஆடியது கூடைப்பந்துபோல் தெரியத் தொடங்கியது.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இன்னும் தெளிவான சான்று. 2023-24 சீசனில் அந்த அணி தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றது. ஒரே சீசனுக்குள் அவ்வளவு நீண்ட தோல்வித் தொடர் லீக்கில் அதற்குமுன் இல்லை. இறுதிக் கணக்கு 14-68. இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம்: அந்த அணியிலும் மூத்தவர்கள் இருந்தார்களே! பட்டியலில் இருந்தார்கள், உண்மை. போயான் போக்டனோவிச் காயத்தால் முதல் மாதம் முழுக்க ஆடவில்லை. பாயிண்ட் கார்டு மான்டே மாரிஸ் அணிக்காக ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜோ ஹாரிஸ் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். பெயர்கள் காகிதத்தில் இருந்தன, களத்தில் பையன்கள் தனியாக நின்றார்கள். அடுத்த கோடையில் டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி மூவரும் வந்தார்கள். கேட் கன்னிங்ஹாம், ஜேலன் டூரன், அசார் தாம்ப்சன் என்ற இளைய முதுகெலும்பு அப்படியே இருந்தது. வெற்றிகள் 14இலிருந்து 44 ஆயின. பீஸ்லி மட்டும் 319 மூன்று புள்ளி ஷாட்டுகளைப் போட்டார். கன்னிங்ஹாம் கூடையை நோக்கிப் புகும்போது எதிரணியால் அந்த சீசனில் உள்ளே குவிய முடியவில்லை. குவிந்தால் வெளியே பீஸ்லி காத்திருந்தார். முந்தைய வருடம் அதே பாஸைக் கொடுத்துவிட்டு, ஷாட் விழாமல் தன் முடிவையே சந்தேகித்திருக்க வேண்டிய பையன், இம்முறை அது சரியான முடிவு என்று கண்ணால் பார்த்தான். அந்த சீசனில்தான் அவர் முதல்முறையாக ஆல்-ஸ்டார் ஆனார்.

உடனே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. டெட்ராய்ட் அதே கோடையில் பயிற்சியாளரையும் மாற்றியது. மான்டி வில்லியம்ஸ் போய் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். 2022-23இல் 22 ஆட்டங்களை வென்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ் மறுவருடம் 41 வென்றதற்கும் ஃப்ரெட் வான்வ்லீட், டில்லன் புரூக்ஸ் போன்றவர்கள் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. இமே உடோகா என்ற கண்டிப்பான பயிற்சியாளரும் அப்போதுதான் வந்தார். பையன்களுக்கும் ஒரு வயது கூடியது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எடைபோடும் தராசு யாரிடமும் இல்லை. ஆனால் பயிற்சியாளர் கேட்பதை முதல் நாளிலேயே செய்துகாட்ட களத்தில் ஒருவர் தேவை. அவர் இல்லாவிட்டால் புதிய பயிற்சியாளரின் கண்டிப்பு வெறும் சத்தமாகவே முடியும். ஆகவே இரண்டு மாற்றங்களும் ஒரே கோடையில் நடப்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. பயிற்சியாளர் பெரும்பாலும் மாறாமல் இருந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் 2023இல் விக்டர் வெம்பன்யாமாவை எடுத்தது. அதன் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அந்த சீசனின் தொடக்கத்தில் ஜெரமி சோஹான் என்ற ஃபார்வர்டைப் பாயிண்ட் கார்டாக ஆடவைத்துப் பார்த்தார். தொடர்ந்து 18 தோல்விகள். 2024 தொடக்கத்தில் டிரே ஜோன்ஸ் என்ற முறையான பாயிண்ட் கார்டு முதல் ஐவரில் வந்ததும், ஏழு அடியைத் தாண்டிய வெம்பன்யாமாவுக்குப் பந்து வரவேண்டிய இடத்தில் வரத் தொடங்கியது. ஜோன்ஸும் இளைஞர்தான். வயதைவிட வேலை தெரிந்திருப்பதுதான் முக்கியம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இந்த லீக்கில் அந்த வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் மூத்தவர்களாக இருக்கிறார்கள், அவ்வளவே. அடுத்த கோடையில் அந்த வேலை தெரிந்தவர்களிலேயே தலையானவர் வந்தார்: கிறிஸ் பால், வயது 39, இருபதாவது சீசன். 82 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் ஆடினார். வெற்றிகள் 22இலிருந்து 34 ஆயின. இத்தனைக்கும் வெம்பன்யாமா தோளில் ஏற்பட்ட ரத்தக்கட்டியால் 46 ஆட்டங்களோடு நின்றுபோனார்; போபோவிச்சும் நவம்பரில் பக்கவாதம் வந்து விலகினார்.

மூத்தவருக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது நிமிடக் கணக்கு. ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடங்கள், ஐந்து இடங்கள். 39 வயதுக்காரர் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் இளைஞர் இழக்கும் நிமிடம் அல்லவா? ஆடித்தானே கற்க முடியும்? ஆடித்தான் கற்க முடியும், ஆனால் எந்த நிமிடமும் மற்ற நிமிடத்துக்குச் சமம் என்று எண்ணுவதில்தான் பிசகு. எல்லோரும் தடுமாறும் முப்பத்தைந்து நிமிடங்களைவிட, நால்வர் சரியாக நிற்கும் இருபத்தைந்து நிமிடங்களில் ஒரு புதுமுகம் அதிகம் கற்பார் என்பது என் கணிப்பு. பாலோடு பங்கிட்டுக்கொண்டு ஆடிய ஸ்டெஃபான் காசில்தான் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். இன்னொரு வாதம்: வெற்றி கூடினால் டிராஃப்டில் பின்னுக்குத் தள்ளப்படுவோமே? 2019க்கு முன் இதற்குக் கொஞ்சம் வலு இருந்தது. கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. 2019இல் அதைக் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் லீக்கிலேயே மோசமான கணக்கோடு முடித்த டெட்ராய்ட்டுக்கு இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. தோல்விக்குக் கூலி இவ்வளவுதான்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் பற்றிப் பேசாமல் நழுவ முடியாது. 2020க்குப் பின் அந்த அணி பெரும்பாலும் பையன்களை வைத்தே ஆடியது. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. லீக் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. இருந்தும் 2025இல் சாம்பியன். மூத்தவர் இல்லாமலும் முடியும் என்பதற்கு இது சான்றுதான். ஆனால் அதன் நடுநாயகமான ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2019-20 சீசன் முழுவதையும் அதே கிறிஸ் பாலின் பக்கத்தில் ஆடியவர். அந்த மறுகட்டுமானம் தொடங்கியபோதே அவர் 22 வயதில் மற்றவர்களுக்குச் சுருதி கொடுக்கக்கூடியவராக இருந்தார். அப்படி ஒருவர் ஏற்கெனவே கையில் இருக்கும் அணி வெளியே தேட வேண்டாம். பட்டத்தை எட்டிப்பிடிக்கும் கட்டம் வந்ததும் அவர்களும் அலெக்ஸ் கரூசோவையும் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனையும் கொண்டுவந்தார்கள்.

சரி, ஆடாத மூத்தவரால் பயனே இல்லையா? 2015-16இல் மினசோட்டாவில் கெவின் கார்னெட் இருந்தார். தடுப்பாட்டத்தில் ஒரு தலைமுறையின் உச்சம். பக்கத்தில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ், ஆண்ட்ரூ விக்கின்ஸ், ஜாக் லவீன். முட்டிவலியோடு கார்னெட் 38 ஆட்டங்களில், ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லாமல் ஆடினார். அந்த சீசனிலும் அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்த சீசனிலும் மினசோட்டாவின் தடுப்பாட்டம் பின்வரிசையிலேயே கிடந்தது. சொல்லிக்கொடுத்தால் தடுப்பாட்டம் ஒட்டிக்கொள்வதில்லை. மறுபக்கம் கெவின் ஆலி. பத்துக்கும் மேற்பட்ட அணிகளில் ஆடி முடித்தவர். கடைசி சீசனாக 2009-10இல் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து கொஞ்சமே ஆடினார். 23 வெற்றிகளில் இருந்த அணி 50க்குப் போனது. அதில் ஆலியின் பங்கு பெரிது என்று கெவின் டுராண்டே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: நேரத்துக்கு வருவது, உடம்பைப் பேணுவது, தோற்ற மறுநாள் பயிற்சியில் முகம் தூக்காமல் இருப்பது போன்ற பழக்கங்களைப் பெஞ்சில் இருந்துகொண்டும் காட்டலாம். டுராண்ட் மாதிரி வேலைவெறி உள்ளவர் அதைப் பார்த்ததும் பிடித்துக்கொள்வார். களத்தில் எடுக்கும் முடிவுகளை மட்டும் களத்தில்தான் காட்ட முடியும்.

ஆகவே இளம் அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அவர் எத்தனை ஆல்-ஸ்டார் ஆட்டம் ஆடினார் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். பையன்களால் இன்னும் முடியாத ஒரு வேலையை, அது பந்தைக் கொண்டுசெல்வதோ ஸ்கிரீனோ தூர எறிதலோ, இவரால் இன்றும் முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அவருக்கு வர விருப்பம் இருக்கிறதா என்பது அடுத்தது; கேட்க அற்பமாகத் தோன்றும். 2019இல் மெம்ஃபிஸுக்கு மாற்றப்பட்ட ஆண்ட்ரே இகுடாலா அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அடுத்த பிப்ரவரியில் மயாமிக்குப் போனார். எண்ணிக்கையும் முக்கியம். 2017இல் சாக்ரமென்டோ கிங்ஸ் ஒரே கோடையில் ஜார்ஜ் ஹில், ஜாக் ராண்டால்ஃப், வின்ஸ் கார்ட்டர் மூவரையும் எடுத்தது. சீசன் பாதியில், இனி ஒவ்வோர் ஆட்டத்திலும் மூத்தவர்களில் சிலரை முறைவைத்து உட்காரவைப்போம் என்று பயிற்சியாளர் அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஹில் பிப்ரவரியிலேயே போய்விட்டார், அணி 27-55. யாருக்கு எத்தனை நிமிடம், எந்த மாதத்திலிருந்து அது குறையும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அந்த மனக்கசப்பில் பாதி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒப்பந்தக் காலமும் குட்டையாக இருப்பது நல்லது. 2025 பிப்ரவரியில் டி'ஆரன் ஃபாக்ஸை வாங்கி, கோடையில் இரண்டாவது தேர்வில் டிலன் ஹார்ப்பரையும் எடுத்துவிட்ட சான் ஆன்டோனியோவுக்கு, பாலை இன்னொரு வருடம் நிறுத்திவைக்கத் தேவை இருக்கவில்லை.