ஒலிபெருக்கியும் மெய்யெழுத்தும்

வட இந்திய நகரம் ஒன்றின் தொடர்வண்டி நிலையம். எட்டாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி ஏழாம் நடைமேடைக்கு வரும் என்று இந்தியில் அறிவிக்கப்படுகிறது. மேலே தகரக் கூரை. தூண்தோறும் கூம்பு ஒலிபெருக்கி. ஓசைக்குக் குறைவே இல்லை. ஆயினும் மூட்டையோடு நிற்கும் முதியவர் ஒருவர், "ஏழா, எட்டா?" என்று பக்கத்தில் நிற்பவரை வினவுகிறார். அவருக்கும் தெரியவில்லை.

இந்தியில் ஏழு என்பது 'சாத்'. எட்டு என்பது 'ஆட்'. இரண்டிலும் ஓங்கி ஒலிப்பது 'ஆ' என்னும் நெடிலே. அதன் முன்னும் பின்னும் வரும் மெய்களே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அக்கூரையின் கீழ் நெடில் செவியை அடைகிறது, மெய் அடைவதில்லை. அறிவிப்புப் பலகையைப் படிக்க இயலாதவரும் பார்வையற்றவரும் அந்த மெய்யைத் தவறவிட்டால் வண்டியையே தவறவிடுவர்.

இதன் காரணம் தமிழ் இலக்கணம் கற்றவருக்குப் புதிதன்று. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமே ஒரு மாத்திரை என்றால், மெய் எத்துணைச் சிறு பொழுதில் ஒலித்து மறைகிறது என்பது விளங்கும். படம், பணம், பலம், பழம் ஆகிய நான்கு சொற்களிலும் உயிரொலிகள் மாறவில்லை. இடையில் வரும் மெய்யொலி மாறுகிறது, பொருளும் மாறிவிடுகிறது. பேச்சின் ஓசை பெரும்பாலும் உயிரில் இருக்கிறது; சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் வேலையை மெய் செய்கிறது.

கூடத்தில் எழும் ஒலி சுவரிலும் கூரையிலும் பலமுறை மோதித் திரும்பி, சிறிது நேரம் நீடித்தே அடங்கும். இதனை எதிர்முழக்கம் என்பர். முன்சொல்லின் நெடில் அடங்குமுன் பின்சொல்லின் மெய் பிறந்தால் அது மூழ்கிப்போகும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரைக் கூடத்தில் இக்குறையே நேர்ந்தது. 1895இல் அதனைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பின், ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஓசை முற்றிலும் மறையும் வரை நேரத்தை அளந்தார். ஏறத்தாழ 5.5 நொடி! அதற்குள் பேச்சாளர் பத்துச் சொற்களையேனும் சொல்லி முடித்திருப்பார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து சபைன் கூடத்தில் பரப்பினார். மெத்தைகள் கூடக்கூட ஒலி அடங்கும் நேரம் குறைந்தது. கூடம் பெரிதானால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் அது குறையும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது.

நம் பொதுக்கூடங்களில் நடப்பதோ வேறு. பேச்சு விளங்கவில்லை என்றதும் ஒலியைக் கூட்டுவர். கூட்டிய அளவுக்கு முழக்கமும் கூடும். மெய் மூழ்கியபடியே இருக்கும். ஒலிபெருக்கியைக் கூரைக்கும் எதிர்ச்சுவருக்கும் காட்டாமல் மக்கள் அமரும் இடத்தை நோக்கிச் சற்றுத் தாழ்த்துவதே முதல் மருந்து. பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டை அலறவிடுவதினும், சிறியன பலவற்றைக் கேட்போர்க்கு அருகில் மெல்ல ஒலிக்கச் செய்தல் நன்று. திரைச்சீலையும் விரிப்பும் உதவும். மனிதரும் அவர்தம் ஆடையும்கூட ஒலியை உறிஞ்சுவதால், வெறுங்கூடத்தில் செய்த சோதனை நிறைந்த கூடத்துக்குப் பொருந்தாது.

நீண்ட கூடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். 34 மீட்டரைக் கடக்க அதற்கு 0.1 நொடி வேண்டும். கம்பியில் செல்லும் மின்குறிப்புக்கு அத்தாமதம் இல்லை. ஆகவே கடைசி வரிசையில் இருப்பவர் அருகிலுள்ள ஒலிபெருக்கியில் ஒரு சொல்லை முன்னரும், மேடைப்பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து அதே சொல்லைப் பின்னரும் கேட்பார். பின்வரிசை ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் குறிப்பை அதே அளவு தாமதப்படுத்தும் கருவி இதனைத் தீர்க்கும்.

'கீ' என்னும் ஊளையை அறியாதார் இல்லை. ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்து, சுற்றிச்சுற்றிப் பெருகுவதால் அது எழுகிறது. ஒலிவாங்கிக்குப் பின்புறம் ஒலிபெருக்கியை வைத்தல் பெரும்பிழை. பேசுபவர் ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் பிடித்து, அதன் தலையைக் கையால் மூடாதிருந்தால் பாதித் தொல்லை தீரும். மூடினால் ஊளை அடங்கும் என எண்ணிப் பலர் மூடுகின்றனர், அது மிகுகிறது!

'உம்' என்னும் இடைவிடாத இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் வரவு. ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பியோடு ஒட்டி இழுத்துச் செல்லாமல் விலக்க வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும். சிலர் இரைச்சலைப் போக்க மின்செருகியின் புவியிணைப்பு முள்ளை நீக்கிவிடுவர். கருவியில் மின்கசிவு ஏற்படும் நாளில், ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் உயிருக்கே அது கேடாகும். அவ்வாறு நீக்கப்பட்ட செருகியைக் கண்டால் நிகழ்ச்சியைத் தொடங்கலாகாது.

சொற்பொருள்
எத்துணை – எவ்வளவு. வினவுதல் – கேட்டல். புவியிணைப்பு – மின்கருவியை நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்புக் கம்பி.

பயிற்சி
1. ஒலியைக் கூட்டுவதால் பேச்சு விளங்குவதில்லை. ஏன்?
2. 51 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிபெருக்கியின் ஓசை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகும்?
3. மெய்யொலியால் மட்டும் வேறுபடும் சொற்கள் இருபதைத் தொகுக்க. பள்ளிக் கூடத்து மேடையில் ஒருவர் அவற்றை ஒலிவாங்கியில் படிக்க, முன், நடு, பின் வரிசைகளில் அமர்ந்து கேட்டபடியே எழுதுக. எவ்வரிசையில் எந்த மெய் தொலைந்தது எனக் குறித்து, ஒலிபெருக்கியின் திசையை மாற்றி மீண்டும் எழுதிப் பார்க்க.