முதல் உதை உன்னுடையதாக இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

திருவாடானையில் பட்டறை போட்ட கையோடு, "காலையில ஸ்டார்ட் ஆகலன்னு வர்றாங்க, நம்ம ஊர்ல ஏதுண்ணே குளிரு?" என்று கேட்டிருந்தாய். 90 டிகிரியில் ஓட வேண்டிய எஞ்சினுக்கு 25 டிகிரியும் குளிர்தான் தம்பி. எரிவது பெட்ரோலின் ஆவி மட்டுமே. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது சரியாக ஆவியாகாமல், உள்ளே போகும் வழியிலும் வால்வின் முதுகிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சூடான எஞ்சினில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கு முதல் உதைக்குச் செல்லாது. பெட்ரோலைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் தொண்டிக் கரைக்குப் போய் மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து எஞ்சினைப் பார். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்ப்ரேட்டரில் கிடக்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்ப்பார்கள். அதை மறந்தால் மறுநாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். எந்தப் பாலிடெக்னிக்கிலும் இந்தப் பாடத்தை இவ்வளவு பச்சையாகக் காட்டமாட்டார்கள்.

சோக் இருந்த காலத்தில், பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் இந்தக் கணக்கு ஓட்டுபவர் கையில் இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின், வெப்ப சென்சார் சொல்வதை நம்பி ஈசியு என்ற எஞ்சின் கணினி அதைப் போடுகிறது. குளிர்ந்த எஞ்சினைச் சூடு என்று சென்சார் சொன்னால் வண்டி கிளம்பாது. சூடேறிய பிறகும் குளிர் என்றே சொன்னால் பிளக் கறுத்து, மைலேஜ் படுத்துவிடும். ஆகவே இன்ஜெக்டரில் கை வைக்குமுன் சென்சாரில் மீட்டரை வை. பெரும்பாலான வண்டிகளில் குளிரில் மின்தடை கூடுதலாகவும், சூடேற ஏறக் குறைவாகவும் காட்ட வேண்டும்.

இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட அதிகச் சூடு கேட்கும். பழைய கார்ப்ரேட்டர் வண்டிக்காரர் "முன்னைவிட ரெண்டு உதை கூட வேணும்" என்றால் சிரித்துவிடாதே.

வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியானால் ஆயில் கேஜை உருவி மோந்து பார். எஞ்சின் சரியாகச் சூடேறாததால் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும், வாடையே காட்டிக்கொடுக்கும்.

காலைப் புகாரோடு வருபவர் எப்படியோ கிளப்பி ஓட்டி வந்திருப்பார். உன்னிடம் சேரும்போது எஞ்சின் சூடாகி, கோளாறு ஒளிந்துகொள்ளும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுப் போகச் சொல். விடிந்ததும் நீயே உதைத்துப் பார்; கிளம்பாவிட்டால் உடனே பிளக்கைக் கழற்று. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைத் தேடு. நனைந்திருந்தால் முதலில் பொறி விழுகிறதா என்று பார்.

அன்புடன்,
உன் அண்ணன்