சிங்கத்தை மறந்துவிட்டு வரை

அன்புத் தம்பிக்கு,

அழிந்துபோன ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டியான தைலகோலியோவை வரைந்து நீ அனுப்பிய ஓவியம் கிடைத்தது. தோள் தசையில் உன் உழைப்பு தெரிகிறது. ஆனால் திறந்த வாய்க்குள் நீண்ட கோரைப்பற்கள் வைத்திருக்கிறாய். அவை சிங்கத்துடையவை.

இந்த விலங்குக்கு வழங்கும் 'பைச்சிங்கம்' என்ற பெயரை ஓரமாக வை. வோம்பாட்டும் கோவாலாவும்தான் இதன் சொந்தங்கள். முன்னோர்கள் தழை தின்றவர்கள். அந்த வம்சத்தில் கீழ்த்தாடைக் கோரைப்பல் என்றைக்கோ மறைந்துவிட்டது, மேல்தாடையிலும் சிறு முளைதான் மிச்சம். இறைச்சிக்கு மாறியபோது முன்னால் நீட்டிக்கொண்டிருந்த வெட்டுப்பற்களே குத்துவதற்கு உதவின. மூன்றாவது முன்கடைவாய்ப்பல் நீண்டு தகடாயிற்று. அதற்குப் பின்னால் அரைக்கும் பற்கள் சுருங்கிப்போயின.

1859இல் இந்த விலங்கை விவரித்த ரிச்சர்ட் ஓவன், கொடிய வேட்டை விலங்கு என்றார். சிட்னி அருங்காட்சியகத்தின் கெரார்ட் கிரெஃப்ட் ஏற்கவில்லை. தழையுண்ணிக் குடும்பத்துச் சாயல் மண்டையோட்டில் அப்படியே இருக்கும்போது அவர் சந்தேகப்பட்டது நியாயமே. ஆனால் அந்தத் தகட்டுப் பல்லை உருப்பெருக்கியில் பார். மேலும் கீழும் ஒன்றையொன்று உரசி, கத்தரிக்கோல் அலகைப்போலச் செங்குத்தாகத் தேய்ந்திருக்கும். தழையை அரைத்த பல் அப்படித் தேயாது. நீ வரையத் தொடங்க வேண்டிய இடம் அந்தத் தேய்வுதான்.

அடுத்தது கை. கட்டைவிரல் மற்ற விரல்களைவிட்டு விலகி நிற்கும், அதன் முனையில் பெரிய நகம். 2002இல் நல்லர்போர் சமவெளிக் குகைகளில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு கிடைத்தது. 2018இல் வெளியான ஆய்வு வலுவான காறை எலும்பையும் விறைப்பான வாலையும் காட்டியது. மேற்கு ஆஸ்திரேலியக் குகைச் சுவர் ஒன்றில் இருக்கும் நகக்கீறல்களும் இதனுடையவை என்றே கருதுகிறார்கள். ஆகவே இது பிடித்து ஏறும் உடம்பு. உன் ஓவியத்தில் அது ஓடுகிறது.

பை விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. பைப்பாலூட்டிகளின் இடுப்புக்கு முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு எலும்புகளைப் பார்த்துப் பை இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆணுக்கும் அவை உண்டு, மங்கோலியாவில் கிடைத்த நஞ்சுக்கொடிப் பாலூட்டி வம்சத்துப் பழைய படிவங்களிலும் உண்டு. பெண் விலங்கை வரைந்தால் பையின் வாயைப் பின்பக்கம் வை. வோம்பாட்டுக்கும் கோவாலாவுக்கும் அப்படித்தான். இது ஊகம் என்று ஓவியத்தின் கீழே எழுதிவிடு.

பின்னங்காலில் பூனைப் பாதம் போட்டிருக்கிறாய். வோம்பாட்டும் கோவாலாவும் அடங்கிய இந்த விலங்கு வரிசையில் இன்று உயிரோடிருப்பவை எல்லாவற்றுக்கும் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒரே தோலுறைக்குள் ஒட்டியிருக்கும். முதலில் அந்தப் பாதத்தை மட்டும் தனியாக வரைந்து அனுப்பு. ரோமத்தின் நிறத்தை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்