முதல் வேலையும் முதல் அணியும்

வங்கி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் பணியில் சேரும் ஒருவருக்கு முதல் நாளன்றே கையில் ஒரு விதிப்புத்தகமும் அருகில் ஒரு மூத்த ஊழியரும் இருப்பார்கள். எதை யாரிடம் கேட்பது, எந்தத் தாளில் யார் கையொப்பமிடுவது என்பவை அவர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டவை. இன்று நம் வாடிக்கையாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தங்கள் முதல் வேலையை ஸ்டார்ட்அப் எனப்படும் புத்தொழில் நிறுவனங்களில் தொடங்குகிறார்கள். ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் 2016 ஜனவரி 16 அன்று தொடங்கப்பட்ட பின்னர் இந்தச் சொல் சிற்றூர்களுக்கும் பழகிவிட்டது. ஆனால் அத்தகைய நிறுவனத்தில் விதிப்புத்தகம் பெரும்பாலும் இன்னும் எழுதப்பட்டிராது. அங்கே சேரும் இளைஞர் தம் வேலையைக் கற்பதோடு, பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் முறையையும் உடனிருப்பவர்களிடமிருந்தே கற்றாக வேண்டும். அந்தக் கல்வியின் முதன்மையான பாடங்களை இக்கட்டுரையில் காண்போம்.

அணி என்பது நட்பு அன்று, ஏற்பாடு

குழுவாகச் செயல்படுதல் என்றதும் ஒற்றுமை, நல்லுறவு என்னும் சொற்களே நினைவுக்கு வருகின்றன. இவை வேண்டியவைதாம், ஆனால் போதியவை அல்ல. வங்கிக் கிளையின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. இருவரிடம் ஒவ்வொன்றாக இருக்கும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டகம் திறக்கும். கணினியில் ஒருவர் பதிவு செய்யும் பரிவர்த்தனையை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கிறார். இதனை ‘மேக்கர்–செக்கர்’ முறை என்கிறோம். அந்த இருவரும் நண்பர்களாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணில் படவேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். இதனால் ஊழியரின் நேர்மை ஐயத்துக்கு உள்ளாவதில்லை. மாறாக, அவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

புத்தொழில் நிறுவனங்களிலும் இதே கருத்து வேறு பெயர்களில் வழங்குகிறது. ஒருவர் எழுதிய மென்பொருள் நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே அது பயன்பாட்டுக்கு வருகிறது. நாள்தோறும் காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் கூடி, நேற்று முடித்தது, இன்று செய்யவிருப்பது, தடையாக நிற்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். இவற்றை வெறும் சடங்காகக் கருதும் புதியவர், அணியின் உயிர்நாடியைத் தவறவிடுகிறார்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் பார்ப்பது பயன் தரும். 5 பேர் கொண்ட அணியில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 10. அணி 10 பேராக வளர்ந்தால் இணைப்புகள் 45. 20 பேரானால் 190. ஆட்கள் நான்கு மடங்கானால் இணைப்புகள் பத்தொன்பது மடங்காகின்றன. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், 1975-இல் வெளியான தம் நூலில் இக்கணக்கை எடுத்துக்காட்டி, காலம் தாழ்ந்த ஒரு திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பது அதனை மேலும் தாமதப்படுத்தும் என்று விளக்கினார். ஐவராக இருந்தபோது தேநீர் வேளையிலேயே தீர்ந்த சிக்கல், இருபது பேரானதும் எவர் காதுக்கும் எட்டாமல் கிடப்பது இதனால்தான். வேகமாக வளரும் நிறுவனத்தில் குழப்பம் நேர்ந்தால் அதனை உடனே யாருடைய திறமைக் குறைவாகவும் கொள்ள வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் இணைய வணிகம் செய்யும் ஒரு சிறு நிறுவனம். அணியில் ஆறு பேர். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண், காலை 11 மணிக்கு ஒன்றைக் கவனிக்கிறார். பொருளைத் திருப்பி அனுப்பிய 4 வாடிக்கையாளர்களுக்குத் தலா 900 ரூபாய் இருமுறை போயிருக்கிறது. மிகுதியாகச் சென்ற தொகை 3,600 ரூபாய். முந்தைய நாள் அவர் செய்த மாற்றத்தால் இது நேர்ந்ததோ என்ற அச்சம் அவருக்கு எழுகிறது. அவர் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறார். படிப்புக்கு வாங்கிய கல்விக்கடனின் தவணை தொடங்கவிருக்கிறது. தாமே சரிசெய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று எண்ணி மாலை வரை முயல்கிறார். அதற்குள் 280 பேருக்கு இரட்டைத் தொகை சென்றுவிடுகிறது. இழப்பு இப்போது 2,52,000 ரூபாய்.

இதில் 3,600 ரூபாய் தொழில்நுட்பக் கோளாறின் விலை. எஞ்சிய தொகை முழுவதும் மௌனத்தின் விலை. அந்த மௌனத்துக்கு அவர் மட்டுமே பொறுப்பா என்பதுதான் நாம் ஆராய வேண்டிய வினா. சென்ற வாரம் இன்னொருவர் ஒரு தவற்றைச் சொன்னபோது, “யார் செய்த வேலை இது?” என்று அனைவர் முன்னிலையிலும் தலைவர் கேட்டிருந்தால், மௌனமாக இருப்பதே அறிவுடைமை என்று அந்தப் பெண் அன்றே கற்றிருப்பார். “நல்லவேளை, சொன்னீர்கள். முதலில் பணம் செல்வதை நிறுத்துவோம், காரணத்தைப் பிறகு பார்ப்போம்” என்று தலைவர் சொல்லியிருந்தால், 11 மணிக்கே தகவல் வந்திருக்கும்.

பேசுவதற்கு அச்சமில்லாத இடம்

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்கு இயங்கும் செவிலியர் அணிகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் அவ்வணிகளிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. நல்ல அணிகள் கூடுதலாகப் பிழை செய்யவில்லை. நேர்ந்த பிழையை அச்சமின்றிச் சொல்லின என்பதே அவர் கண்ட விளக்கம். 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்நிலையை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று அவர் விவரித்தார். பின்னர் கூகுள் நிறுவனம் தன் 180 அணிகளை ஆராய்ந்தபோது, அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பழகுகிறார்கள் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்றும், அதில் உளவியல் பாதுகாப்பே முதலிடம் பெறுகிறது என்றும் கண்டது.

நிறுவனரைப் பெயர் சொல்லி அழைப்பது புத்தொழில் நிறுவனங்களின் வழக்கம். ‘சார்’ என்ற சொல் போய்விட்டதாலேயே அச்சமும் போய்விட்டது என்று கருதிவிடக் கூடாது. கெட்ட செய்தி எவ்வளவு விரைவாக மேலே செல்கிறது என்பதே சரியான அளவுகோல்.

தாங்கி நிற்கும் தலைமை

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் இலக்கை எட்டாமல் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். செய்தியாளர்களை அன்று எதிர்கொண்டவர் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றுக்கொண்டு, தம் அணியின் மீது நம்பிக்கை இருப்பதாக அவர் அறிவித்தார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் நிறுத்தப்பட்டபோது, செய்தியாளர் கூட்டத்தை நடத்துமாறு கலாமைப் பணித்தார். இதனைப் பின்னாளில் கலாமே பல மேடைகளில் நன்றியுடன் எடுத்துரைத்திருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் பலரும் கவனியாத ஒரு கூறு உண்டு. தவான் தோல்வியை வெளியாரிடம் தாங்கிக்கொண்டாரே தவிர, உள்ளே அதனை மூடி மறைக்கவில்லை. என்ன பழுதானது என்பது முறையாக ஆராயப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கோளாறு கண்டறியப்பட்டது. அதன் பிறகே அடுத்த ஏவுதல் நடந்தது. ஆகவே ஆதரவான தலைமை என்பது தவற்றைப் பொருட்படுத்தாத தலைமை அன்று. ஆளைக் காத்து, தவற்றை விடாமல் ஆராய்வது அது. ஆளையும் தவற்றையும் சேர்த்தே தண்டிப்பவர் உண்மையை இழக்கிறார். இரண்டையும் சேர்த்தே மன்னிப்பவர் தரத்தை இழக்கிறார்.

புதியவர் கைக்கொள்ள வேண்டியவை

1. நேர்காணலிலேயே ஒரு வினாவைக் கேளுங்கள்: “அண்மையில் உங்கள் அணியில் ஏதேனும் தவறிப்போனதா? அப்போது என்ன செய்தீர்கள்?” விடை ஒருவரைப் பற்றியதாக இருக்கிறதா, வேலைமுறையைப் பற்றியதாக இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

2. தடைப்பட்டு நிற்கும்போது உங்களுக்கு நீங்களே ஒரு காலவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முயன்றும் வழி தெரியவில்லை எனில் கேளுங்கள். கேட்கும்போது நீங்கள் முயன்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. வாடிக்கையாளரின் பணம், தரவு, பாதுகாப்பு ஆகிய மூன்றில் ஐயம் எழுந்தால் காலவரம்பே வேண்டாம். உடனே சொல்லுங்கள்.

4. வாய்மொழியாக முடிவானதை இரண்டு வரியில் எழுதி அணியினருக்கு அனுப்புங்கள். விதிப்புத்தகம் இல்லாத இடத்தில் அதன் முதல் பக்கத்தை எழுதுபவர் நீங்களாகவும் இருக்கலாம்.

5. இன்னொருவர் செய்த உதவியை அனைவர் முன்னிலையிலும் சொல்லுங்கள். குறையைத் தனியே சொல்லுங்கள்.

பொருளாதார அடித்தளம்

அச்சமின்றிப் பேசும் துணிவுக்குப் பணமும் ஒரு காரணம். அடுத்த மாதச் சம்பளத்தை மட்டுமே நம்பி வாழ்பவருக்கு உண்மையைச் சொல்வது கடினம். ஆகவே முதல் சம்பளத்திலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேர்ப்பது நன்று. கல்விக்கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலத்துக்குப் பின் ஓராண்டு தவணை விடுப்பு உண்டு. அது முடியும் தேதியைக் கிளையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. உங்கள் பங்களிப்பு செலுத்தப்படுகிறதா என்பதை அவ்வப்போது சரிபாருங்கள். ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு தருவதாகச் சொன்னால், அளிக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்த பின்னரே அந்த உரிமை உங்களுக்கு முதிரும் என்பதையும், பங்கைப் பெறும்போது வரி உண்டு என்பதையும் அறிந்திருங்கள். வீட்டுச் செலவுக்கான திட்டத்தில் அப்பங்கைச் சேர்க்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

வேலைக்குச் சென்ற பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது சம்பளம், உணவு, உறக்கம் பற்றிக் கேட்கிறோம். அவற்றோடு, “உனக்கு ஏதேனும் தெரியவில்லை என்றால் யாரிடம் கேட்பாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் ஒரு பெயர் வந்தால், பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறது என்று பொருள். பெயர் வரவில்லை என்றால், அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை அழைப்பதற்கு வீட்டில் ஆள் உண்டு என்பதையும் சொல்லி வையுங்கள்.