கோளறு பதிகம் ஓதலாமா?

கேள்வி: கஷ்டகாலத்தில் கோளறு பதிகம் ஓதினால் கிரகதோஷம் நீங்குமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று வாஞ்சையோடு அப்பர் பெருமான் தடுத்தபோது, வேதாரண்யமாகிய திருமறைக்காட்டில், 7-ஆம் நூற்றாண்டில் பாடப்பெற்ற அப்பதிகம், கிரகங்களைச் சாந்தி செய்ய எழுந்ததன்று; அவற்றுக்கு அஞ்ச மறுத்த இளம்பிள்ளையின் பிரகடனம். பாடியவர் பிரயாணத்தை ஒத்திப்போடவில்லை; பரிகாரம் சொல்லும் ஜோதிடர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்! 2018 நவம்பரில் அதே வேதாரண்யத்தருகே கஜா புயல் கரையேறித் தென்னைகளை வேரோடு சாய்த்ததே, அப்போது நம் ஜனங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தைரியந்தான். அம்மணி, தாராளமாக ஓதுங்கள். பதினொரு பாடல்களுக்குக் கால்மணி நேரம் போதும், தட்சிணைச் செலவும் இல்லை.