தோட்டத்துக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஜீப் ஏறி வருகிறவர்களில் இப்போது ஆலோசகர்கள் பலர். தேயிலைக்குச் சான்றிதழ், வீடமைப்பு, சம்பள முறை, பிள்ளைகளின் போசாக்கு, சுற்றுலா என்று ஆளுக்கொரு கோப்போடு வருகிறார்கள். அவர்களோடு நம் லயங்களில் பிறந்து பட்டம் முடித்த பிள்ளைகளும் வருகிறார்கள். மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர்கள் சில வருடங்களில் குழுவுக்கே பொறுப்பாகிவிடுகிறார்கள். எப்படிப் பேசுவது, எப்படி ஆட்களை நடத்துவது என்று கொழும்பு ஹோட்டலில் கொடுக்கிற பயிற்சி மலைக்கு அவ்வளவாக ஒத்துவராது. அந்தப் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள். எந்த வரிசையிலும் படிக்கலாம், ஆறாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. கூட்டத்துக்கு நேரம் குறிக்குமுன் தோட்டத்தின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து இறங்குகிற பெண்ணை மாலை ஐந்து மணிக்கு அழைத்தால் அவர் வந்து உட்காருவார், காதில் ஒன்றும் ஏறாது. அடுப்பும் தண்ணீர்க் குழாயும்தான் அவர் நினைவில் இருக்கும். வேலை நேரத்திலேயே கூட்டம் வையுங்கள். அந்த நேரத்துக்கும் பேர் விழுமா, அதாவது நாட்சம்பளம் பதிவாகுமா, என்று தோட்டத்துரையிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு மணி நேரம் பேசவைத்து, முழுப்பேரை அரைப்பேராக்கிவிட்டுப் போன குழுவை அந்த டிவிசன் லேசில் மறக்காது. சம்பள நாளிலும் கோயில் திருவிழா வாரத்திலும் போகவே வேண்டாம்.

2. பெரிய துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே கால்வைக்க முடியாது, அது சரி. அதற்காக அவருடைய வாகனத்திலேயே போய் லயத்து வாசலில் இறங்காதீர்கள். எந்த வண்டியில் வந்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் பதில் வரும். தோட்டத்தில் சங்கத்துக்கொரு தலைவர் இருப்பார். எல்லோரையும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே இடத்தில் பாருங்கள். ஒருவரைத் திங்கட்கிழமையும் மற்றவரைப் புதன்கிழமையும் பார்த்தால் செவ்வாய்க்கிழமைக்குள் நீங்கள் முதலாமவருடைய ஆளாகிவிடுவீர்கள். பிறகு, யாரும் கைகாட்டாத இரண்டு பேரைத் தேடிப் போங்கள்: மாதர் சங்கத் தலைவி, பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

3. உங்கள் ஆலோசனை பிழைத்துப்போனால் அது யார் தலையில் விழும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் அறிக்கையை அனுப்பாதீர்கள். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே அடியாகத் தடைசெய்தது. தலவாக்கலையில் தேயிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற நாட்டில்தான் இது நடந்தது. மே மாதம் வந்த தடையை நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். செடி அந்த அவசரத்துக்கெல்லாம் வளைந்துகொடுக்குமா? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து குறைந்தால் கூடையில் கிலோ குறையும், கிலோ குறைந்தால் பேர் குறையும். யோசனை சொன்னவர்களில் ஒருவருக்கும் அரைப்பேர் விழவில்லை.

4. விழுக்காட்டில் பேசாதீர்கள். “உற்பத்தித்திறன் 12 விழுக்காடு உயரும்” என்று பிரட்டுக்களத்தில் சொன்னால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நாளைக்கு எத்தனை கிலோ கூட எடுக்க வேண்டும், கையில் எத்தனை ரூபா கூட வரும் என்று சொல்லுங்கள், அப்போதுதான் கேள்வி வரும். இங்கே எல்லோரும் கணக்கில் புலிகள். 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று பெரிதாக அறிவித்தார்கள். வழக்கு, இழுபறி எல்லாம் முடிந்து செப்டெம்பரில் அடிப்படையாக நின்றது 1,350 ரூபா. அறிவிக்கிற தொகை வேறு, கைக்கு வருகிற தொகை வேறு என்பதை இங்குள்ளவர்கள் பல தடவை பார்த்துவிட்டார்கள். ஆகவே உறுதியான தொகையை ஒரு வரியிலும், நிபந்தனையோடு வருகிறதைத் தனி வரியிலும் எழுதுங்கள்.

5. அலுவலகத்துக் கணக்கப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பேர் போடுகிறவர் முன்னால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

6. அறிக்கை சரியாக இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். களனி கங்கையின் கிளையான கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது அது. இந்த ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டவர் காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்து, நுவரெலியா நகரத்துக்கு விளக்கெரிய வைத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் தன் கட்டுரையை வாசித்தார். எவ்வளவு மழை, எவ்வளவு உயரம், எவ்வளவு மின்சாரம் என்று எல்லாம் அதில் இருந்தது. வேலை இருபதுகளில் தொடங்கி, இடையில் நின்று, இழுபட்டுக்கொண்டே போனது. லக்ஸபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லித் தருவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருக்கவே இல்லை. கட்டுரைக்குப் பலன் இல்லை என்று கண்டதும், பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற இடம் எது என்று பார்த்தார். 1931இல் இரத்தினபுரியில் தேர்தலுக்கு நின்று வென்று அரசுப் பேரவைக்குள் போய் உட்கார்ந்து, அங்கிருந்து அதே திட்டத்தைப் பேசினார். எல்லோராலும் தேர்தலுக்கு நிற்க முடியாது. ஆனால் உங்கள் ஆலோசனைக்கு யார் ‘ஆம்’ சொல்ல வேண்டும், அவருடைய வரவு செலவு எந்த மாதம் முடிவாகிறது, அவர் யார் பேச்சைக் கேட்பார் என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம். பிளக்பூல் மாதிரி ஒரு சின்னச் செயலை முதலில் செய்தும் காட்டலாம். ஒரு டிவிசனில் ஒரே ஒரு நிறுவை இடத்துக்குக் கூரை போட்டுக் காட்டுங்கள். அறுபது பக்கத்தைவிட அது அதிகம் பேசும்.

விமலசுரேந்திர 1953இல் காலமானார். 1965இல் இங்கே இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் மின் நிலையம் அவர் பெயரில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரம் பிறந்த இதே மலையில் எத்தனையோ லயங்கள் அதன் பிறகும் பல வருடம் குப்பி விளக்கில்தான் இருந்தன. திட்டத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று அறிக்கையில் ஒரு பக்கம் கட்டாயம் ஒதுக்குங்கள்.

7. பேசி முடித்ததைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த விமானம் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியது. இங்கே சப்த கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று விசாரணை சொன்னது. அத்தனை பெரிய துயரத்தை நம் சின்ன வேலைக்கு உதாரணமாக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஊரில் நின்று இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: நாம் நிற்கிற இடம் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையை இன்னொரு வழியிலும் சரிபார்க்க வேண்டும். கூட்டம் முடிகிறபோது “விளங்கிச்சா?” என்று கேட்காதீர்கள். “ஆமாங்க” என்பார்கள், அது மரியாதை. “அக்கா, வீட்டுக்குப் போய் அண்ணன் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லிக் காட்டுவதுதான் நீங்கள் உண்மையில் சொன்னது.

8. ஹட்டனில் தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்ததாகச் சொல்வார்கள். பத்திரிகையாளரான அவர் எழுதித் தள்ளினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் அதே செய்தியைப் பாட்டாகக் கட்டி, ஆட்களைக் கூட்டிப் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் எது போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்களை வேடம் போடவோ பாடவோ சொல்லவில்லை. ஆனால் செய்தி தாளோடு நின்றுவிடக் கூடாது: கோயில் ஒலிபெருக்கி, பிரட்டு நேரத்து ஐந்து நிமிடம், இளைஞர்களின் வாட்ஸ்அப் குழு மூன்றையும் பயன்படுத்துங்கள்.

9. உங்கள் குழுவில் வயதில் சிறியவரை முதலில் பேசவிடுங்கள், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் சொல்வதெல்லாம் எதிரொலிதான். யாராவது பிழை விட்டால் வண்டிக்குள் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். குறிப்பாக அந்தத் தோட்டத்துப் பிள்ளையை அந்தத் தோட்டத்து ஆட்கள் முன்னால் ஒருபோதும் திருத்தாதீர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளைக்கு அதுதான் ஊர்.

10. சில்லறை விஷயங்கள். காலுறையில் காய்ந்த சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறுவது குறையும். தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள், வேண்டாம் என்றால் வேறுமாதிரி எடுத்துக்கொள்வார்கள். பள்ளத்தாக்கில் போன் எடுக்காது, பெயர்களைத் தாளில் எழுதி வாருங்கள். கூடையோடு நிற்கிற பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். டிசெம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக் காலம், வார இறுதியில் மஸ்கெலியா வழி வாகனத்தால் நிறைந்துவிடும். “பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கூரை விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு “செய்து தருகிறோம்” என்றுதான் பொருள் எடுப்பார்கள்.

11. முடிவைத் திரும்ப வந்து சொல்லுங்கள். கேள்வி கேட்க வந்த குழுக்களில் பதிலோடு திரும்பி வந்தவை மிகக் குறைவு. இரண்டு பக்கம், பெரிய எழுத்து, தமிழில். தோட்டத்து அலுவலகச் சுவரில் ஒன்று, கோயிலில் ஒன்று, பிள்ளைக்காம்பராவில் ஒன்று. அந்த அச்சுக்கூலியையும் திரும்பி வருகிற வாகனச் செலவையும் வேலை ஒப்புக்கொள்கிற அன்றைக்கே வரவு செலவில் எழுதிவிடுங்கள், தம்பி தங்கைமாரே. கடைசியில் கேட்டால் தரமாட்டார்கள்.